வடக்குக் கரை மண்

ஏடுகொண்டலுவின் இறாலில் மருந்து இருக்கிறது என்று இரண்டாவது தடவையும் முடிவு வந்த அன்று, அவனுடைய கூடப்பிறந்த அக்கா அச்சாயம்மாவே அவனை நூகாலம்மா கோயில் வாசலில் நிறுத்தி, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் அவன் திரும்பிப் பார்க்காமல் போயிருப்பான். அக்கா சொன்னதால் செருப்பைக் கழற்றினான்.

நத்தலங்காவில் அச்சாயம்மாவின் வாய்க்கு எதிர்வாய் கிடையாது. அவள் புருஷன் கோடேஸ்வரராவுக்குப் பெயரில்தான் கோடி, வீட்டில் அவர் பேச்சு செல்லாக்காசு என்று ஊரே சிரிக்கும். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். குட்டையில் குஞ்சு விடுவதிலிருந்து இறால் பிடித்து லாரி ஏற்றுவது வரைக்கும் எல்லாம் அவள்தான். உப்புட்டேறு ஆற்றோரமாகக் குட்டை வைத்திருந்தவர்கள் ஒன்றுகூடிச் சங்கம் ஆரம்பித்தபோது, தலைவியாக அவளைப் போட்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கம்பெனிக்காரனிடம் விலை பேச அப்படி ஒரு வாய் வேண்டியிருந்தது.

சங்கத்தின் ஏற்பாடு இதுதான். இறால் வளர்க்க ஆன்டிபயாடிக் எதையும் யாரும் தொடக்கூடாது. இறால் பிடிப்பதற்கு முன்னால் கம்பெனி எல்லாக் குட்டையிலும் மாதிரி எடுத்துச் சோதிக்கும். சுத்தமாக இருந்தால் மொத்தமாக நல்ல விலைக்கு எடுத்துக்கொள்ளும். ஒரு குட்டையில் கோளாறு வந்தாலும் எல்லோருடைய சரக்கும் நின்றுவிடும். கப்பலேறி வெளிநாடு போகிற இறால் அது; அங்கே ஒரு பெட்டியில் மருந்து தெரிந்தாலும் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆரம்பித்த அன்றைக்கே எல்லோரும் வரிசையாக நின்று கற்பூரம் அணைத்தார்கள். என்ன சொல்லி அணைப்பது என்று வார்த்தை எடுத்துக்கொடுத்தவர் முசலய்யா. சங்கத்தில் வயதில் மூத்தவர், நக்கலிலும் மூத்தவர். "என் குட்டையில மருந்து விழுந்ததில்ல, இனியும் விழாது" என்றார். எல்லோரும் அப்படியே சொன்னார்கள்.

உள்ளதைச் சொல்வதென்றால், 'விழாது' என்பதில் யாருக்கும் கஷ்டமில்லை. 'விழுந்ததில்லை' என்ற இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் வார்த்தையை மென்று விழுங்கினார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இறாலுக்குக் குடல் வெளுக்கிற நோய் வந்தபோது, பீமவரம் கடைத்தெருவில் அந்த மஞ்சள் பொடி மூட்டை மூட்டையாக விற்றது. அதை வாங்காத வீடு நத்தலங்காவில் எது? அச்சாயம்மாவும் வாங்கினாள். தீவனத்தில் கலந்து, மீன் எண்ணெய் விட்டுப் பிசைந்து, நாளுக்கு நாலு வேளை வீசினாள். இறால் பிழைத்தது. பிடித்து முடித்ததும் தண்ணீரை உப்புட்டேற்றில் வடித்தாள். கால் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விழும்வரை குட்டையைக் காயப்போட்டாள். அடியில் இருந்த கறுப்பு மண்ணைச் சுரண்டி அள்ளிவிட்டுப் புதுத் தண்ணீர் ஏற்றினாள். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். இதற்குமேல் என்ன செய்ய வேண்டும்? நத்தலங்காவில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: வெயில் குடித்துவிடும். பிளீச்சிங் பவுடரா, உரமா, மருந்தா, எது போட்டாலும் வெயில் குடித்துவிடும், வெயில் விட்டுவைத்ததை உப்புட்டேறு கொண்டுபோய்விடும். அந்த நம்பிக்கையில்தான் அவள் தயங்காமல் கற்பூரத்தை அணைத்தாள். தான் பொய் சொல்வதாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

மெய்யாகவே மருந்து போடாத ஒரே ஆள் ஏடுகொண்டலு. நோய் வந்த வருஷம் அவன் குட்டையில் தினமும் காலையில் இறால் செத்து ஒதுங்கியது. அக்கா பொடியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கே போனாள்.

"போட்டா பொழச்சிக்கும்டா, மடையா."

"பொழச்சு யாரு திங்கறதுக்கா? எம் பொண்ணும்தான திங்குது."

"ஊர்ல இருக்கற புள்ளைங்கல்லாம் திங்கலையா?"

"அதுங்களுக்கு அப்பன் ஆத்தா இருக்காங்க. நான் எம் புள்ளைக்குத்தான் பதில் சொல்லணும்."

அவன் சுபாவமே அப்படி. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டான், அதற்காகச் சண்டையும் போடமாட்டான். அந்த வருஷம் அவன் பாதிக்கு மேல் இழந்தான். அதோடு போகாமல் புயல் வேறு வந்து அவன் குட்டையின் வடக்குக் கரையை உடைத்துக்கொண்டு போனது. அப்போது அச்சாயம்மா பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. தன் குட்டையிலிருந்து சுரண்டிக் குவித்திருந்த கறுப்பு மண் முழுவதையும் டிராக்டரில் அனுப்பி, ஆள் வைத்து, கரையை நின்று கட்டிக்கொடுத்தாள். "நம்ம வழக்கத்துல தம்பிதான் அக்காவுக்குச் சீர் செய்வான். எங்க வீட்ல அக்கா நான் தம்பிக்குக் கரையே செஞ்சேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள். நல்ல ஒட்டு மண், காற்றுக்கும் மழைக்கும் அசையாத கரை.

இப்போது அந்தக் குட்டையின் இறாலில்தான் மருந்து.

கோயில் வாசலில் சங்கத்தார் எல்லோரும் கூடியிருந்தார்கள். எல்லோருடைய இறாலும் பிடிக்கிற பருவத்தில் குட்டைகளில் நின்றுகொண்டிருந்தது. இன்னும் தள்ளினால் எடை நின்று தீவனச் செலவுதான் ஏறும். யார் முகத்திலும் சிரிப்பில்லை, முசலய்யாவைத் தவிர.

"என்னப்பா ஏடுகொண்டலு, ஏழு மலையானையே பேர்ல வச்சிருக்க. மருந்து ஒரு கிலோதானா, இல்ல மலைக்கு ஒரு கிலோவா?"

"நான் எதுவும் போடல சித்தப்பா."

"நீ போடல. இறாலே கடைக்குப் போயி வாங்கிட்டு வந்துச்சா?"

சிரித்தார்கள். அச்சாயம்மாவுக்குக் காது சுட்டது. வேறு யாருடைய தம்பியாவது என்றால் அவளே முதலில் சிரித்திருப்பாள். தலைவியின் தம்பி என்று விட்டுக்கொடுத்தால் நாளைக்கு அவள் பேச்சை யார் கேட்பார்கள்? அதனால் மற்றவர்களைவிட ஒரு படி மேலே போனாள்.

"எல்லாருக்கும் முன்னால கேக்கறேன். போட்டியா இல்லையா?"

"இல்லக்கா."

"அப்ப அது எங்கேர்ந்து வந்துச்சு? வானத்துலேர்ந்து குதிச்சுச்சா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லு. நான் மண்ணு குடுத்துக் கட்டின கரைடா அது. அந்தக் கரைமேல நின்னுக்கிட்டே எனக்குத் துரோகம் பண்ணுவியா?"

ஏடுகொண்டலு என்னவோ சொல்ல வாயெடுத்தான். "அக்கா, அந்த…" என்றவன் அவள் முகத்தைப் பார்த்தான். தட்டிலிருந்த கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கி அணைத்தான். "நான் போடல" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தான்.

அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. அம்மனுக்கு முன்னாலேயே கூசாமல் பொய் சொல்கிறான் என்றார்கள். சங்கத்திலிருந்து விலக்கினார்கள், அச்சாயம்மாதான் அதையும் வாய்விட்டு அறிவித்தாள். மற்றவர்கள் சரக்கு லாரி ஏறியது. அவன் இறாலை யாரோ வெளியூர் வியாபாரி வந்து அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு போனான். அதையெல்லாம் அவன் தாங்கியிருப்பான். ஆனால் டீக்கடைக்குப் போனால் "வாங்க சத்தியவான்" என்று பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவன் மகளைக் "கற்பூரம்" என்று கூப்பிட்டன. மழை பிடிப்பதற்கு முன்னால் வீட்டைப் பூட்டிக்கொண்டு, மனைவி சூர்யகலாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு, கடலோரம் பந்தர் என்கிற ஊர்ப்பக்கம் எவனோ ஒரு பெரிய முதலாளியின் குட்டைகளில் கூலிக்குப் போய்விட்டான். ஊரைவிட்டுப் போகும்போது அக்கா வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. சூர்யகலா மட்டும் இறங்கி வந்து, நாத்தனாருக்குக் கேட்கும்படி "போயிட்டு வர்றோம் வதினா" என்றாள். அச்சாயம்மா உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. அடுப்பில் பருப்பு வேலையாக இருந்தது என்று பின்னால் சொல்லிக்கொண்டாள். பருப்பு அப்போது வெந்து இறக்கியாகிவிட்டது.

கார்த்திகை மாதத்தில் மீன்வளக் கல்லூரியிலிருந்து ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி வந்தாள். நாகஸ்ரீ என்று பெயர். குட்டைத் தண்ணீரிலும் ஆற்றுத் தண்ணீரிலும் மருந்து எத்தனை காலம் தங்குகிறது, எப்படிக் கரைந்து போகிறது என்று பார்க்கிறாளாம். எந்நேரமும் முழங்கால் வரை சேறு, தோளில் பை நிறையக் குப்பிகள். அச்சாயம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே கூப்பிட்டாள். கெட்டிப் பருப்பும் ஆவக்காய் ஊறுகாயும் நெய்யும் விட்டு அந்தப் பெண் சாப்பிடுகிற அழகைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இதுல ஆராய என்னம்மா இருக்கு? வெயில் குடிச்சிடும். எங்க ஊர்ல கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"பாதி சரிதான் அச்சாயம்மகாரு. இந்த மஞ்சப் பொடிய மட்டும் சொல்றேன். தண்ணி தெளிவா இருந்து வெயிலும் நல்லா அடிச்சா, மேல் தண்ணில இருக்கறது சில நாள்ல ஒடஞ்சு போயிடுது. கொழம்பின தண்ணின்னா கொஞ்சம் தாமசமாகும்."

"பாத்தியா" என்று அச்சாயம்மா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். கோடேஸ்வரராவ் தலையாட்டினார்.

"மீதிப் பாதி மண்ணுல இருக்கு. களிமண்ணு இந்த மருந்தப் புடிச்சு வச்சுக்கும், விடாது. உள்ள வெளிச்சம் போகாது, காத்தும் போகாது. அங்க அதை ஒடைக்க யாருமில்ல. வருஷக்கணக்குல அப்படியே கெடக்கும்."

"நாங்கதான் வெடிப்பு விழ விழக் காயப்போடறோமே."

"காயறது தண்ணிதாங்க. வெளிச்சம் மேல்தோல்ல ஒரு நகத்தளவுக்குக் கீழ எறங்காது. அப்புறம் நீங்க தண்ணி கட்டி, காத்துக்குச் சக்கரம் ஓட்டறப்ப மண்ணு கலங்கும், கொஞ்சம் கொஞ்சமா மருந்து வெளிய வரும். இறாலு நாள் பூரா மண்ணக் கிளறித் திங்கற ஜீவன். நீங்க போட வேண்டாம், அதுவே எடுத்துக்கும்."

அச்சாயம்மா அவள் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். மனசுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. தன் குட்டை மண்ணைத்தான் எப்போதோ சுரண்டி எடுத்தாயிற்றே.

"என் குட்டையில பாத்தியா? ஒண்ணும் இருக்காது."

"பாத்தேங்க. ரொம்பச் சுத்தம். அடிமண்ண எடுத்துட்டீங்கபோல. முசலய்யாகாரு ஒரு குட்டைக்குக் கூட்டிட்டுப் போனாரு, பூட்டின வீட்டுக்குப் பக்கத்துல, யாரோ சத்தியவானோட குட்டைன்னாரு. அதுதான் எனக்குப் புரியவே இல்ல."

"என்ன புரியல?"

"நடுவுல மண்ணு எடுத்தேன், ஒண்ணும் இல்ல. தெக்கால எடுத்தேன், இல்ல. தீவனத்துல கலந்து போட்டிருந்தா குட்ட பூரா சமமா இருக்கணும். இங்க வடக்குக் கரையிலயும் அதுக்குக் கீழயும் மட்டும் அவ்ளோ இருக்கு. கரை மண்ணோட நெறமும் வேற. மழைக்குக் கரைஞ்சு உள்ள வந்துகிட்டே இருந்திருக்கு. அந்த ஆளு மருந்து போட்டிருக்க வாய்ப்பே இல்லைங்க. அந்த மண்ணு வேற எங்கிருந்தோ வந்திருக்கு. யாரு குடுத்தாங்கன்னு தெரிஞ்சா எனக்கு உபயோகமா இருக்கும்."

அச்சாயம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. கோடேஸ்வரராவ் வெடுக்கென்று நிமிர்ந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவள் பேசுவதற்கு முன்னால் அவர் பேசினார்.

"நாங்கதாம்மா குடுத்தோம்" என்றார்.

அந்தப் பெண் அவர் முகத்தையும் இவள் முகத்தையும் பார்த்தாள். ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அதற்குமேல் கேட்காமல் சோற்றைப் பிசைந்தாள்.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அச்சாயம்மா அந்தக் கரைக்குப் போய் நின்றாள். புல் முளைத்துக் கிடந்தது. தன் குட்டை சுத்தமென்று கம்பெனிக்காரன் தட்டிக்கொடுத்த முதுகு, இப்போது குறுகியது. தான் போட்ட மருந்தைத் தானே அள்ளி, டிராக்டர் வைத்து, பெருமை பேசிக்கொண்டே தம்பி குட்டையில் கொட்டியிருக்கிறாள். அதை அவன் தலையிலேயே சுமத்தி ஊரைவிட்டும் துரத்தியிருக்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். யாரும் பார்க்கிறார்களா என்று அவள் கவலைப்படவில்லை.

மறுநாளே சங்கத்தைக் கூட்டினாள். தன்னையும் விலக்குவார்கள், சத்தியம் கேட்பார்கள், காறித் துப்புவார்கள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போனாள். மருந்து போட்டது, மண்ணைச் சுரண்டியது, தம்பிக்குக் கொடுத்தது, எதையும் மறைக்காமல் சொன்னாள். முசலய்யாதான் முதலில் வாய் திறந்தார்.

"சரி விடும்மா. மண்ணுல இருந்தா நீ என்ன பண்ணுவ? தெரிஞ்சா செஞ்ச?"

"நோய் வந்த வருஷம் யாருதான் போடல" என்றார் இன்னொருவர்.

"அதானே. அதையெல்லாம் கெளறினா இங்க ஒருத்தன் மிஞ்சமாட்டான்."

"கம்பெனிக்காரன் காதுக்குப் போகாமப் பாத்துக்குவோம். நீ தலைவியாவே இரு தாயி. உன்ன விட்டா எங்களுக்கு யாரு வெல பேசறது?"

"ஏடுகொண்டலு?" என்றாள்.

"அவனையும் வரச் சொல்லு. தப்பு நடந்துபோச்சு. மனசுல வச்சுக்க வேண்டாம்னு சொல்லு" என்றார் முசலய்யா. டீ வந்தது. எல்லோரும் குடித்தார்கள். யாரும் தட்டையோ கற்பூரத்தையோ தேடவில்லை. காதும் காதும் வைத்த மாதிரி காரியம் முடிந்துவிட்டது. தன்னைத் திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. தம்பிக்குக் கிடைக்காத இரக்கம் தனக்கு டீயோடு கிடைத்ததை அவளால் விழுங்க முடியவில்லை.

பந்தர் பக்கம் அந்த முதலாளியின் குட்டைகள் கடல்வரைக்கும் போயின. பஸ்ஸை விட்டு இறங்கி விசாரித்துக்கொண்டே கரைமேல் நடந்தாள். கையில் தூக்குச்சட்டி நிறைய அவனுக்குப் பிடித்த கோங்கூராப் பச்சடி. காலை வெயில் சுள்ளென்று அடித்தது. தகரக் கொட்டகை ஒன்றில் தரையில் தீவனத்தைக் குவித்து, அதன்மேல் எண்ணெய் தெளித்துப் பிசைந்துகொண்டிருந்தான் ஏடுகொண்டலு. பக்கத்தில் பொடிப் பை பிரித்துக் கிடந்தது. முழங்கை வரைக்கும் மஞ்சள்.

அவள் கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டாள். எதைத் தொடமாட்டேன் என்று பாதிக் குட்டையைச் சாகக் கொடுத்தானோ, அதைத்தான் வெறுங்கையால் பிசைந்துகொண்டிருந்தான்.

"யாரு? அக்காவா? வா வா" என்று எழுந்தான். முகத்தில் மெய்யான சந்தோஷம். "மாமா சௌக்கியமா? வெயில்ல நடந்தா வந்த? ஒரு போன் பண்ணியிருந்தா சைக்கிள் எடுத்துட்டு வந்திருப்பேன்ல."

"கையில ஒற போட்டுக்கக் கூடாதாடா?"

"ஒற போட்டா பதம் தெரியலக்கா."

அவள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். மண், கரை, கல்லூரிப் பெண் என்று முன்னும் பின்னுமாகச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே தீவனத்தைப் புரட்டினான். அவள் சொல்லி முடித்தபோது அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"ரெண்டாவது தடவ மாதிரி எடுத்தப்பவே சந்தேகம் வந்துச்சு. மொதல்ல வடக்கோரமா வல போட்டாங்க, மருந்து ஏகப்பட்டது வந்துச்சு. அடுத்த தடவ தெக்கால போடச் சொன்னேன், கம்மியா வந்துச்சு. அன்னிக்கு நீ 'நான் மண்ணு குடுத்துக் கட்டின கரை'ன்னு கத்தினியே, அப்பத்தான் வெளங்கிச்சு."

"அங்கேயே சொல்றதுக்கு என்னடா?"

"சொல்லியிருந்தா உன்னையும் கற்பூரத்த அணைக்கச் சொல்லியிருப்பாங்க." அவன் கொஞ்சம் தயங்கினான். "நீ அணைச்சிருப்பக்கா. அதான் எனக்குப் பயமா இருந்துச்சு."

அவள் கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் சொன்னது சரிதான். அணைத்திருப்பாள். அவனைவிட உரக்கச் சொல்லி அணைத்திருப்பாள்.

"இப்ப சங்கத்துல என்ன சொன்னாங்க? உன்ன ஏதாவது பேசினாங்களா?" என்று கேட்டான்.

"இல்ல. யாரும் ஒரு வார்த்த சொல்லல."

"நல்லவேள" என்றான். அவன் குரலில் குத்தல் இல்லை. மனசாரத்தான் சொன்னான். அவன் குத்திக்காட்டியிருக்கக் கூடாதா என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது.

"நீ வந்துடுடா. எல்லாரும் சரின்னுட்டாங்க. அந்தக் கரைய நான் வெட்டி எடுத்துடறேன். புது மண்ணு கொண்டாந்து போடறேன். முன்ன மாதிரி இரு."

"வெட்டி எடுத்து எங்கக்கா கொட்டுவ?"

அவளுக்கு அது தோன்றவே இல்லை. எங்கே கொட்டுவது? தோப்பில் கொட்டலாமா? ரோட்டோரம்? உப்புட்டேற்றில்? எங்கே நினைத்தாலும் அதற்கு அடுத்தாற்போல் யாரோ ஒருவருடைய குட்டையோ கிணறோ கண்முன் வந்து நின்றது.

"அது அங்கேயே கெடக்கட்டும். கெளறாம இருந்தா போதும்" என்றான். "நான் இங்க சௌகரியமா இருக்கேன்கா. பொய்யில்ல. முதலாளி வருவாரு, 'கலந்துட்டியா'ம்பாரு. 'கலந்துட்டேன்'ம்பேன். அதோட சரி. என்னை யாரும் நம்ப வேண்டியதில்ல, நான் யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்ல. ராத்திரி படுத்தா தூக்கம் வருது."

"உம் பொண்ணு திங்குதேன்னு சொல்லுவியே."

"இந்த எறாலு எங்க வீட்டுக்கு வராது. அது சோதிக்காத ஏதோ ஒரு நாட்டுக்குக் கப்பல்ல போகுது. அங்க திங்கற புள்ளைங்களுக்கும் அப்பன் ஆத்தா இருப்பாங்க" என்றான். சொல்லிவிட்டு அவளைப் பார்க்காமல் பொடிப் பையின் வாயைச் சுருட்டிக் கட்டினான்.

வெளியே யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். தீவன வேளை ஆகிவிட்டது. தீவனத்தைப் பாத்திரத்தில் அள்ளித் தோளில் ஏற்றிக்கொண்டவன் வாசலில் திரும்பி நின்றான்.

"சூர்யகலா குடிசைலதான் இருக்கா, போயி சாப்பிடு. பச்சடியப் பாத்தா குதிப்பா. சங்கராந்திக்கு நாங்க வர்றோம்கா."

"வீட்டத் தொறந்து பெருக்கி வைக்கட்டுமா?"

"எதுக்கு? ரெண்டு நாளுக்கு அதையேன் தொறந்துகிட்டு. உன் வீட்லயே தங்கிக்கறோம். விருந்தாளிங்கள வெளிய படுக்க வச்சிடுவியா என்ன?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவன் கரைமேல் நடந்து போய், தண்ணீருக்குள் தீவனத்தைக் கைநிறைய அள்ளி வீசுவது வரைக்கும் அச்சாயம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பி பெண்டாட்டி இருக்கும் குடிசையைத் தேடிப் போனாள்.